சட்டத் தன்னார்வலர் என்ன செய்வார்?

(தொடர் கல்வி மையம் ஒன்றில் மாலைக் கூட்டத்தில் பேசிய பேச்சு)



சட்டம் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். சட்டம் என்றதும் பலருக்கு முகம் சுருங்கிவிடும். கோர்ட்டு, கறுப்புக் கோட்டு, வாய்தா, செலவு. இதுதானே நினைவுக்கு வருகிறது? நான் கோர்ட்டைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. கோர்ட்டு வாசலை மிதிக்காமலே முடிகிற வேலைகள் நிறைய உண்டு. அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் வக்கீல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். ஆபீசில் 'பாரா லீகல் வாலண்டியர்' என்று சொல்வார்கள். சுருக்கமாக பி.எல்.வி. பெயர் நீளமாக இருக்கிறது. வேலை எளிமையானதுதான்.

நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்குச் சட்டத் தொல்லை எப்படி வருகிறது? பெரும்பாலும் ஒரு காகிதமாக வருகிறது. வந்த காகிதத்தை நாம் படிக்கவில்லை. அல்லது கொடுக்க வேண்டிய காகிதத்தைக் கொடுக்கவில்லை. கொடுத்தோம், ஆனால் தேதி தாண்டிவிட்டது. இல்லையென்றால், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்துவிட்டோம். பெரிய வழக்கு என்று ஊரே பேசுவதைக் கிண்டிப் பார்த்தால் அடியில் இப்படி ஒரு காகிதம் கிடக்கும். அந்தக் காகிதத்தைக் கவனிப்பதுதான் எங்கள் வேலை.

எங்களை யார் வைத்தார்கள்?

1976-இல் நம் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பணம் இல்லை என்ற காரணத்தால் யாருக்கும் நீதி கிடைக்காமல் போகக் கூடாது, அரசு இலவசமாகச் சட்ட உதவி தர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது.

எழுத்தில் வந்துவிட்டது. நடப்பில்? 1979-இல் பீகார் மாநிலச் சிறைகளைப் பற்றி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே விசாரணையே முடியாமல் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர்கள் இருந்தார்கள். குற்றம் ருசுவாகித் தண்டனை கொடுத்திருந்தால்கூட சிலர் அதற்குள் வெளியே வந்திருப்பார்கள். அவர்களுக்காக ஜாமீன் கேட்க ஆள் இல்லை. ஜாமீன் என்று ஒன்று இருப்பதும் பலருக்குத் தெரியாது. அவ்வளவுதான் காரணம்.

பிறகு 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. டில்லியில் தேசிய ஆணைக்குழு. அதன் கீழே மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. தாலுகாவில் வட்டச் சட்டப் பணிகள் குழு. மாவட்ட ஆபீஸ் பெரும்பாலும் கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கும்.

ஆபீஸ் டவுனில் இருக்கிறது. தொல்லையோ கிராமத்தில் இருக்கிறது, குப்பத்தில் இருக்கிறது. நடுவில் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, அதற்கு மேல் பயம். அதனால் 2009-இல் தேசிய ஆணைக்குழு சட்டத் தன்னார்வலர் திட்டத்தைக் கொண்டுவந்தது. உங்கள் பக்கத்திலேயே இருக்கிற ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அடையாள அட்டை கொடுத்து, நடுவிலே நடக்க விட்டார்கள். ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் குழுப் பெண்கள், சட்டம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். சிறைக்குள்ளேயும் உண்டு. நீண்ட தண்டனை பெற்று, நன்னடத்தையோடு இருக்கும் படித்த கைதிகள் மற்றக் கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார்கள்.

எங்களுக்கு நீங்கள் பணம் தர வேண்டாம். தரவும் கூடாது. எங்களை வேலைக்கு அனுப்பும் நாளுக்கு ஆணைக்குழு ஒரு மதிப்பூதியம் தரும். உங்களிடம் காசோ பொருளோ வாங்குவது எங்களுக்குத் தடை. யாராவது அட்டையைக் காட்டிவிட்டு, "பெட்ரோலுக்கு ஏதாவது கொடுங்கள்" என்றால், அவர் பெயரைக் குறித்துக்கொண்டு வட்டக் குழுவில் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் உறவுக்காரர்கள் இருப்பவர்கள் ஒன்று கேட்கலாம். கனடா நாட்டில் ஒன்டாரியோ என்று ஒரு மாகாணம் இருக்கிறது. நம் மக்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். அங்கே 'பாராலீகல்' என்பவர் லைசென்ஸ் வாங்கிய தொழில்காரர். கட்டணம் வாங்குவார். சிறு தொகை வழக்கு, வாடகைத் தகராறு, போக்குவரத்து அபராதம் போன்றவற்றில் தானே எழுந்து நின்று வாதாடுவார். நம் நாட்டில் அப்படி ஒரு லைசென்ஸ் கிடையாது. பெயர் ஒன்று போல இருப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வந்த காகிதம்

சரி, வேலைக்கு வருவோம். தபால்காரர் ஒரு கவர் கொண்டு வருகிறார். கோர்ட்டு முத்திரை இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

"வாங்காதே, திருப்பி அனுப்பு. வாங்கினால்தான் வம்பு" என்று திண்ணையில் இருந்து ஒருவர் சொல்வார். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடாது. சம்மன் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டு, எதிராளி சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கொடுத்துவிடலாம். இதற்கு 'எக்ஸ்பார்ட்டி' தீர்ப்பு என்று பெயர்.

சொத்து வழக்கு, கடன் வழக்கு போன்ற சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் உங்கள் தரப்பைப் பதிலாக எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் சொன்னால் கோர்ட்டு இன்னும் கொஞ்சம் நாள் கொடுக்கலாம். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிட்டால், அதை நீக்கக் கேட்கவும் 30 நாள்தான் கணக்கு. செக் திரும்பிவிட்டது என்று வக்கீல் நோட்டீஸ் வந்தால் இன்னும் அவசரம். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் அது குற்ற வழக்காகப் போகும். கடன் வாங்கும்போது வெறும் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் இங்கே எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை!

தன்னார்வலர் இங்கே என்ன செய்வார்? காகிதத்தை உங்களோடு சேர்ந்து படிப்பார். யார் அனுப்பியது, எந்தக் கோர்ட்டு, எந்தத் தேதி என்று எடுத்துச் சொல்வார். அதே நாள், முடியாவிட்டால் மறுநாள், வட்டக் குழு ஆபீசுக்கு அழைத்துப் போவார். பதிலை வக்கீல் எழுதுவார். நாங்கள் எழுத மாட்டோம், எழுதவும் கூடாது. ஒரு சொல் மாறினால் சொத்தே மாறிவிடும். ஆனால் தேதி தாண்டாமல் அந்தக் காகிதம் வக்கீல் கைக்குப் போய்ச் சேர்ந்ததே, அதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

கொடுக்க வேண்டிய காகிதம்

பிறப்பு, இறப்புப் பதிவு உங்களுக்குத் தெரியும். 21 நாளுக்குள் சொன்னால் இலவசம். 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓர் ஆண்டு வரை மேலதிகாரியின் அனுமதி வேண்டும். ஓர் ஆண்டும் தாண்டிவிட்டால்? முன்பு அதற்குக் கோர்ட்டு மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். வக்கீல், டைப்பிங், சாட்சி என்று அலைய வேண்டியிருந்தது. 2023-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 அக்டோபர் 1 முதல் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற வருவாய்த் துறை அதிகாரியே உத்தரவு தரலாம். இது தெரியாமல் இன்னும் சிலர் புரோக்கரிடம் பணம் கொடுக்கிறார்கள். மனு எழுதி, ஆதாரம் சேர்த்து, அந்த ஆபீசில் கொடுக்கத் தன்னார்வலர் போதும். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். ஆகையால் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று போலீஸ் புகார். நீங்கள் வாயால் சொன்னால் அவர்கள் எழுத வேண்டும். எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பிறகுதான் கையெழுத்து. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். "இது எங்கள் எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போ" என்று விரட்டக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அது எழுதியிருக்கிறது. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம். பதிய மறுத்தால் அதே புகாரை எழுதி மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். உங்களோடு ஸ்டேஷனுக்கு வருவதும், தபாலை எழுதுவதும் எங்கள் வேலைதான். குழந்தை காணாமல் போனால் உடனே எங்களுக்கும் சொல்லுங்கள். அந்த வழக்குகளுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் தன்னார்வலர் இருக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அடுத்து, ரோட்டு விபத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலருக்கு இது தெரியாது.

விடியற்காலையில் ஒருவர் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். லாரியோ காரோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. ஆள் இறந்துவிட்டார். வீட்டில் என்ன நினைப்பார்கள்? "யார் மேல் கேஸ் போடுவது? யாரிடம் பணம் கேட்பது?" என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். வண்டி எது என்றே தெரியாத விபத்துக்கு அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். முன்பு 25,000 ரூபாயும் 12,500 ரூபாயும்தான் இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் உயர்த்தினார்கள்.

இதற்கு வழக்குப் போட வேண்டாம். ஒரு படிவம் நிரப்ப வேண்டும். விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் ஆபீசில் கொடுக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, அடையாளச் சான்று, வங்கிப் பாஸ்புக் நகல் வேண்டும். அவர் விசாரித்து ஆட்சியருக்கு எழுதுவார். ஆட்சியர் உத்தரவு போட்டதும் பணம் வங்கிக் கணக்கில் ஏறும். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒன்று சொன்னது. ஒரு மாதம் தேடியும் வண்டி கிடைக்கவில்லை என்றால், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று போலீசே அந்தக் குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் வரவில்லை என்றால் கேளுங்கள். கேட்க எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வண்டி நம்பர் தெரிந்துவிட்டால் கதை வேறு. அது விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே தொகை அதிகம், வக்கீல் தேவை. ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து, "நான் கேஸ் நடத்துகிறேன், கிடைப்பதில் பாதி எனக்கு" என்று வெள்ளைக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். இலவச வக்கீலைக் கேளுங்கள். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுக் கொடுத்துவிடுங்கள்.

தகவல் கேட்கும் மனுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் அட்டை ஏன் வரவில்லை, பென்ஷன் ஏன் நின்றது என்று ஆபீசில் எழுத்தில் கேட்கலாம். மத்திய அரசு ஆபீசுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அந்த அதிகாரியே எழுத உதவ வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது.

வீட்டை எழுதிக் கொடுத்த பாட்டி

நான் அதிகம் பார்ப்பது பெரியவர்கள் கொண்டு வரும் காகிதங்கள்தான். ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை. ஒரு சின்ன வீடு இருக்கிறது. மகன், "அம்மா, என் பேருக்கு எழுதிக் கொடு. கடைசி வரை நான்தானே பார்க்கப் போகிறேன்" என்கிறான். பாட்டி ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்த் தானப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கிறார். ஒரு வருஷம் நன்றாக ஓடுகிறது. பிறகு சோறு குறைகிறது. பேச்சு தடிக்கிறது. பாட்டி திண்ணைக்கு வருகிறார். அடுத்து கோயில் வாசலுக்கு.

2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பெற்ற பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். வளர்ப்புப் பிள்ளை ஆனாலும் கேட்கலாம். மகளிடமும் கேட்கலாம். கோட்டாட்சியர் நிலையில் இருக்கும் அதிகாரி விசாரிப்பார். அந்தப் பதவிக்கு மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். மனு ஒரு பக்கம், இரண்டு பக்கம்தான். வக்கீல் இல்லாமல் நடத்தும்படிதான் இந்தச் சட்டத்தை எழுதினார்கள். பெரியவரால் முடியவில்லை என்றால், அவர் சம்மதித்து அனுப்பும் ஒருவரோ, பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ அவருக்காக மனுக் கொடுக்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 90 நாளில் முடிக்க வேண்டும். காரணம் எழுதி இன்னும் 30 நாள் நீட்டலாம். சட்டத்தில் உள்ளபடி மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். உத்தரவு போட்டும் கொடுக்கவில்லை என்றால் வாரண்டு உண்டு. ஒரு மாதம் வரை சிறையும் உண்டு.

இந்த மனுவைக் கொடுக்க வரும் பெரியவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "என் பிள்ளையை ஜெயிலில் போட்டுவிடாதீர்கள்." இல்லை பாட்டி. முதலில் பிள்ளையைக் கூப்பிட்டுச் சமரசம்தான் பேசுவார்கள். பல வீடுகளில் நோட்டீஸ் போன உடனேயே பேச்சு மாறிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் கேட்காத பிள்ளை, கோட்டாட்சியர் கையெழுத்தைப் பார்த்ததும் கேட்கிறான். ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜீவனாம்சம் சரி. எழுதிக் கொடுத்த வீடு திரும்பி வருமா? இங்கேதான் காகிதத்தின் எழுத்து முக்கியம். "என்னைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் கொடுக்கிறேன்" என்று இருந்து, பிள்ளை பராமரிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். இது அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. நிபந்தனையே இல்லாமல் எழுதியிருந்தால் இந்தப் பிரிவு உதவாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் மகனுக்குத் தானம் கொடுத்தார். பராமரிப்பேன் என்று மகன் தனியாக ஓர் உறுதிமொழிக் காகிதமும் எழுதியிருந்தான். அதையும் சேர்த்துப் பார்த்து, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தானத்தை ரத்துச் செய்தது. சொத்தைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

ஒரே ஒரு வரிதான். அந்த வரி பத்திரத்தில் இருக்கிறதா இல்லையா என்று கையெழுத்துப் போடும் முன்னால் பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை. பத்திரம் எழுதுபவர் அவசரப்படுத்துவார். பிள்ளை கோபிப்பான். "என்னை நம்பவில்லையா?" என்பான். நம்புகிறவன் எழுதிக் கொடுப்பதில் என்ன தயக்கம்?

(கூட்டத்தில் இருந்த ஒரு தங்கை கேட்டார்: "டீச்சர், வீட்டுக்காரர் அடித்தால் நீங்கள் வந்து சமாதானம் பேசுவீர்களா?")

நல்ல கேள்வி. நான் பேச மாட்டேன் தங்கச்சி. சில தன்னார்வலர்கள் பேசுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அடிபட்ட பெண்ணை நாலு நல்ல வார்த்தை சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது சட்ட உதவி ஆகாது. முதலில் அவள் உயிர். 112-க்கோ பெண்களுக்கான 181-க்கோ போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காயத்தை எழுதி வாங்குங்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் நடந்ததை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். மனு வந்த 3 நாளுக்குள் முதல் விசாரணை வைப்பதுதான் முறை. வீடு கணவன் பேரில் இருந்தாலும், மாமியார் பேரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த அந்த வீட்டில் இருக்க உனக்கு உரிமை உண்டு. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. பாதுகாப்பு அலுவலர் எங்கே இருக்கிறார் என்று காட்டுவேன், கூட வருவேன், வாசலில் காத்திருப்பேன். கோர்ட்டில் பேச உனக்கு இலவசமாக ஒரு வக்கீல் வருவார்.

எங்கள் எல்லை

வக்கீல் என்று சொல்லிக்கொண்டு கோர்ட்டில் வழக்கு நடத்த வக்கீல்களுக்கு மட்டும்தான் உரிமை. 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டம் அப்படிச் சொல்கிறது. உரிமை இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் 6 மாதம் வரை சிறை. ஆகவே தன்னார்வலர் வக்காலத்துப் போட மாட்டார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார். "இந்தக் கேஸ் ஜெயிக்கும்" என்று சொல்ல மாட்டார். சொன்னால் நம்பாதீர்கள். வக்கீலே அப்படிச் சொன்னாலும் நான் யோசிப்பேன்.

வக்கீல் வேண்டும் என்றால் எங்கே போவது? அதே வட்டக் குழுவுக்குத்தான். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், கொத்தடிமையாகவோ விற்கப்பட்டோ துன்பப்பட்டவர்கள், வெள்ளம் பூகம்பம் சாதிக் கலவரம் இவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வக்கீல் பீசு மட்டும் இல்லை, கோர்ட்டுக் கட்டணம், டைப்பிங், நகல் செலவு இவற்றையும் ஆணைக்குழுவே ஏற்கும். எழுதத் தெரியாதவர் சொன்னால் ஆபீசிலேயே எழுதிக்கொள்ள ஏற்பாடு உண்டு. இலவச வக்கீல், "எனக்குத் தனியாக ஏதாவது" என்று கேட்டால் அதையும் புகார் செய்யலாம்.

மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன கடன், வாடகை, விபத்து நஷ்ட ஈடு, கரண்டு பில் போன்ற தகராறுகளை வழக்குப் போடும் முன்பே அங்கே கொண்டு போகலாம். அதற்கும் நாங்கள் மனு எழுதுவோம். கட்டணம் கிடையாது. ஏற்கெனவே கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஒரே நாளில் முடிந்துவிடலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கையெழுத்துப் போட்டால் அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. அதனால் கூட்டத்தைப் பார்த்து, "எல்லோரும் போடுகிறார்களே" என்று போடாதீர்கள். தொகை சரியா, தவணை எத்தனை, எந்தத் தேதி என்று படியுங்கள். பிடிக்கவில்லை என்றால், "எனக்குச் சம்மதம் இல்லை" என்று எழுந்து வரலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வழக்கு வழக்கமான கோர்ட்டுக்குப் போகும்.

(பின்னால் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "அம்மா, எங்கள் பக்கம் தன்னார்வலர் யார் என்று எப்படித் தெரியும்?")

அய்யா, 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய ஆணைக்குழுவின் உதவி எண். காசு பிடிக்காது. எந்த மாவட்டம் என்று சொன்னால் வழி காட்டுவார்கள். இல்லையென்றால் தாலுகா கோர்ட்டு வளாகத்தில் 'சட்டப் பணிகள்' என்ற பலகையைத் தேடுங்கள். இப்போதுதான் பலகை படிக்க வந்துவிட்டதே!

போகும்போது மூன்று பொருள் கொண்டு போங்கள். வந்த காகிதம், அதன் கவரோடு. கவரில்தான் தபால் தேதி இருக்கும். அடையாள அட்டை நகல். அப்புறம் ஒரு நோட்டு. எந்த ஆபீசுக்கு எந்தத் தேதியில் போனோம், யார் என்ன சொன்னார்கள் என்று நீங்களே உங்கள் கையால் அதில் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். மனுக் கொடுத்தால் ஒரு நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். "வேண்டாம், போங்க" என்றால், ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு அந்த ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

தன்னார்வலராகச் சேர விருப்பம் உள்ளவர்கள் மாவட்ட ஆணைக்குழுவின் அறிவிப்பைப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் படித்தவர்களை விரும்பிச் சேர்ப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படிப் படித்த பெண் இருந்தால் அனுப்புங்கள்.

இப்போது அந்த ஜன்னல் ஓரம் மேஜை போட்டிருக்கிறோம். காகிதம் கொண்டு வந்தவர்கள் வரிசையாக வாருங்கள். தேதி நெருங்கியவர்கள் முதலில் வரட்டும், மற்றவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். அசல் பத்திரத்தை என்னிடம் கூடக் கொடுக்க வேண்டாம். கையில் பிடித்துக் காட்டினால் போதும். எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அசலை மடித்து உங்கள் பையிலேயே வையுங்கள்.